பொறியாளருக்கும் அறிவியலாளருக்கும் அயல்மொழிப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கவா, பேசவா, எழுதவா? இந்த மூன்றில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்த பயிற்சிகள் பலித்தன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியவை பெரும்பாலும் பரீட்சையோடு நின்றுபோயின. கீழே வரும் பதில்களில் பலவும் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

ஒரு காலத்தில் எல்லாமே லத்தீனில்தானே இருந்தது? அப்போது இந்தத் தொல்லை இல்லையா?

தொல்லை இருந்தது, ஆனால் ஒரே ஒரு தொல்லை. லத்தீன் யாருக்கும் தாய்மொழி இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அடிபட்டுப் படித்தார்கள், அதோடு சரி. நியூட்டன் தன் இயக்கவியல் நூலை 1687-இல் லத்தீனில் வெளியிட்டார். ஒளியியல் நூலை 1704-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கலிலியோ அதற்கும் முன்பே, 1632-இல், இத்தாலிய மொழிக்கு வந்துவிட்டார். காஸ் 1801-இல்கூட எண் கோட்பாட்டை லத்தீனில் எழுதினார். அதன்பின் அவரவர் மொழி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு வேதியியலாளர் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றையும் படிக்க வேண்டியிருந்தது. ஒரு மொழிக்கு மூன்று மொழியாகச் சுமை ஏறிய பிறகுதான் 'அறிவியலாளருக்கான மொழிப் பயிற்சி' என்று தனியாக ஒன்று தேவைப்பட்டது.

லத்தீன் ஒரு மூலையில் மட்டும் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய தாவர இனத்துக்குப் பெயரிட்டால் அதன் விவரிப்பை லத்தீனில் தர வேண்டும் என்ற விதி 1935 முதல் 2011 முடியும்வரை இருந்தது. 2012 ஜனவரி 1 முதல் ஆங்கிலமும் செல்லும்.

பொறியியல் கல்லூரியில் அயல்மொழியைக் கட்டாயமாக்கியது எதற்காக?

பாடப்புத்தகம் இல்லாததால். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி நல்ல உதாரணம். 1817-இல் தலைமையேற்ற சில்வேனஸ் தாயர் பாரிஸ் பாலிடெக்னிக்கை முன்மாதிரியாகக் கொண்டார். கணிதம், கோட்டைக் கட்டுமானம், வரைகலை எல்லாவற்றுக்கும் நல்ல நூல்கள் பிரெஞ்சில் இருந்தன. ஆகவே மாணவர்களின் முதல் இரண்டு ஆண்டுகளில் கணிதத்துக்கு அடுத்தபடியாக நேரத்தைத் தின்றது பிரெஞ்சுதான். பாரிசில் போய்ப் பேசுவதற்காக அல்ல. நூலைத் திறந்தால் புரிய வேண்டும், அவ்வளவே.

அங்கே விவரண வடிவியல் (முப்பரிமாணப் பொருளைத் தாளில் துல்லியமாக வரையும் கணிதம்) நடத்திய க்ளோட் க்ரோஸே நெப்போலியனின் படையில் அதிகாரியாக இருந்தவர். அந்தப் பாடத்துக்கு ஆங்கிலத்தில் நூலே இல்லாததால் 1821-இல் தானே ஒன்று எழுதினார். இந்த வரிசை பிறகு பல நாடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது: முதலில் மாணவன் அயல்மொழி கற்கிறான், அடுத்து ஆசிரியர் உள்ளூர் மொழியில் நூல் எழுதுகிறார், அதன்பின் அயல்மொழி வகுப்பு மெல்ல இளைத்துப்போகிறது.

ஜப்பானும் சீனாவும் இதை எப்படிச் செய்தன?

இரண்டு நாடுகளும் பாடத்துக்குத் தகுந்த மொழியைத் தேர்ந்தெடுத்தன. இதுதான் கவனிக்க வேண்டியது.

சீனாவின் ஃபுசோவில் 1866-இல் தொடங்கிய கப்பல் தளத்தோடு ஒரு பள்ளியும் வந்தது. அதற்கு முன்பள்ளி, பின்பள்ளி என்று இரண்டு பிரிவுகள். கப்பல் கட்டக் கற்றவர்களுக்கு முன்பள்ளியில் பிரெஞ்சு. கப்பல் ஓட்டக் கற்றவர்களுக்குப் பின்பள்ளியில் ஆங்கிலம். தளத்தை நிர்வகித்த ப்ராஸ்பேர் ஷிகேல் பிரெஞ்சுக்காரர், அவர் கொண்டுவந்த மேஸ்திரிகளும் அப்படியே. வரைபடங்களும் பிரெஞ்சில் இருந்தன. கடலோடிகளின் நடைமுறைக்கோ பிரிட்டிஷ் கடற்படைதான் அளவுகோல். ஐந்தாண்டில் சீனர்கள் தாமே கப்பல் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டு, 1874-இல் அயலாரில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். பின்பள்ளியில் படித்த யென் ஃபூ பிறகு மேலைச் சிந்தனை நூல்களைச் சீனத்துக்குப் பெயர்த்துப் புகழ்பெற்றார். வழிசெலுத்தக் கற்ற ஆங்கிலம் வேறு கரையில் கொண்டுபோய் விட்டது.

ஜப்பானில் 1873-இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரிக்கு ஹென்றி டயர் என்ற இளம் ஸ்காட்லாந்துக்காரர் தலைவர். அப்போது அவருக்கு 25 வயது. ஆறாண்டுப் படிப்பு: இரண்டாண்டு அடிப்படை, இரண்டாண்டு தொழில்நுட்பம், இரண்டாண்டு களப்பணி. பாடம், குறிப்பு, பட்ட ஆய்வேடு எல்லாம் ஆங்கிலத்தில். மருத்துவத்துக்கோ ஜெர்மன். நோயாளியின் பதிவேட்டை ஜப்பானியர்கள் இன்றும் 'கருதே' என்கிறார்கள். ஜெர்மன் 'கார்ட்டே'யின் தேய்ந்த உருவம் அது.

அதற்கு முன் ஜப்பானியர்கள் டச்சு படித்தார்களாமே?

ஆம். அயலாரில் டச்சு வணிகர்களுக்கு மட்டும் ஐரோப்பாவிலிருந்து வரும் அனுமதி இருந்த காலம் அது. 1771-இல் சுகிதா கென்பாக்கு என்ற மருத்துவரும் நண்பர்களும் ஓர் உடற்கூறு நூலின் டச்சுப் பதிப்பை வைத்துக்கொண்டு, உருப்படியான அகராதிகூட இல்லாமல் மொழிபெயர்க்க உட்கார்ந்தார்கள். 'புருவம் என்பது கண்ணுக்கு மேல் வளரும் மயிர்' என்ற மாதிரியான ஒரு வரிக்கே ஒரு பகல் முழுவதும் போனதாகச் சுகிதா முதுமையில் எழுதிவைத்தார். 1774-இல் நூல் வெளிவந்தது.

இதில் தமிழருக்குப் பழக்கமான ஒரு விஷயம் இருக்கிறது. டச்சு மொழியில் ஹைட்ரஜன் 'வாட்டர்ஸ்டோஃப்', அதாவது நீர்ப்பொருள். 1830-களில் உதகாவா யோஆன் என்ற ஜப்பானிய அறிஞர் அதை அப்படியே 'சுய்சோ' ஆக்கினார்: நீர் மூலம். நாம் நீரகம் என்று சொல்வதும் அதே வழி. நைட்ரஜனுக்கு டச்சில் மூச்சடைக்கும் பொருள் என்று பெயர். ஜப்பானிய 'சிஸ்ஸோ'வும் அதே பொருள்தான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1860-களில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தபோதும் இதே வேலைதான் நடந்தது. மாணவனுக்கு மொழி கற்பிப்பதற்குப் பதிலாக மொழிக்கு அறிவியலைக் கற்பிப்பது.

மொழி தெரியாததால் யாருக்காவது உண்மையில் நஷ்டம் வந்ததா?

மெண்டலேயெவுக்கு வந்தது. 1869-இல் தன் தனிம அட்டவணையை ரஷ்ய மொழியில் வெளியிட்டார். ஜெர்மனியில் ஓர் இதழ் அதன் சுருக்கத்தை உடனே போட்டது. மூலத்தில் தனிமங்களின் பண்புகள் 'பெரியடிச்செஸ்கி', அதாவது ஆவர்த்தன முறையில் மாறுகின்றன என்று இருந்தது. ஜெர்மன் சுருக்கத்திலோ 'ஷ்டூஃபென்வைசெ' என்று வந்தது: படிப்படியாக. இரண்டும் ஒன்றல்ல. படிப்படியாக ஏறுவது ஒரு மாடிப்படி. திரும்பத் திரும்ப வருவது கிழமை மாதிரி. கண்டுபிடிப்பின் உயிரே 'திரும்ப வருதல்' என்பதில் இருந்தது. ஜெர்மன் வேதியியலாளர் லோதர் மையரோடு 'யார் முதலில்' என்ற சண்டை மூண்டபோது இந்த ஒரு சொல் பெரிய வழக்காயிற்று. 1882-இல் ராயல் சொசைட்டி இருவருக்கும் சேர்த்து டேவி பதக்கம் கொடுத்தது.

முனைவர் பட்டத்துக்கு பிரெஞ்சும் ஜெர்மனும் கேட்டார்களே, அது என்ன பரீட்சை?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஜெர்மன் மாதிரியில் முனைவர் பட்டத்தைக் கொண்டுவந்தபோது, கூடவே வந்த நிபந்தனை அது. வழக்கமான வடிவம் இதுதான்: துறை சார்ந்த ஒரு கட்டுரையிலிருந்து ஓரிரு பக்கம், கையில் அகராதி, ஓரிரு மணி நேரம், எழுத்தில் மொழிபெயர்ப்பு. பேச வேண்டியதில்லை. 1900 வாக்கில் இதில் நியாயம் இருந்தது. பைல்ஸ்டைன் என்ற கரிம வேதியியல் பெருந்தொகுப்பைத் திறக்காமல் ஒரு சேர்மத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அது முழுக்க ஜெர்மனில் இருந்தது, 1980-களில்தான் ஆங்கிலத்துக்கு வந்தது.

தேய்ந்ததற்குக் காரணம் சோம்பல் மட்டுமல்ல. பரீட்சையை ஆய்வின் கடைசிக் கட்டத்தில் வைத்தார்கள். இலக்கியத் தேடலெல்லாம் முடிந்தபின் மாணவர் மூன்று மாதம் மனப்பாடம் செய்து, தேறி, மறந்தார். முதலாண்டிலேயே வைத்திருந்தால் பயன்பட்டிருக்கும் என்பது எங்கள் கருத்து. 1960-களின் இறுதி தொட்டுத் துறைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. நீண்ட நாள் விடாமல் வைத்திருந்தவை கணிதத் துறைகள். பழைய கட்டுரை அங்கே காலாவதியாவதில்லை.

ஜெர்மன் எப்போது இறங்கியது?

முதல் உலகப்போருக்குப் பின். 1919-இல் அமைந்த சர்வதேச ஆராய்ச்சிக் கழகம் ஜெர்மானியரை வெளியே வைத்தது. தடை 1926-இல்தான் நீங்கியது. அதே 1919-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் சிறுவர்களுக்கு அயல்மொழி கற்பிப்பதையே சட்டம் போட்டுத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 1923-இல் அதை ரத்து செய்தது. சட்டம் போனாலும் வகுப்பறை திரும்பி நிறையவில்லை. 1933-க்குப் பிறகு அறிவியலாளர்களே ஜெர்மனியை விட்டு ஓட வேண்டியதாயிற்று.

ஸ்புட்னிக்குக்குப் பிறகு ரஷ்ய மொழிக்கு அவ்வளவு அலைமோதியது ஏன்?

1957 அக்டோபர் 4-இல் சோவியத்தின் ஸ்புட்னிக், உலகின் முதல் செயற்கைக்கோள், பறந்தது. அடுத்த செப்டம்பரில் அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றி மொழிக் கல்விக்குப் பணம் ஒதுக்கியது. 'அறிவியலாளருக்கான ரஷ்யன்' வகுப்புகள் பல இடங்களில் முளைத்தன. ஆனால் கவலை அதற்கு முன்பே இருந்தது. அமெரிக்க இயற்பியல் கழகம் 1955 முதலே சோவியத் இயற்பியல் இதழ் ஒன்றை அட்டை முதல் அட்டை வரை ஆங்கிலத்தில் வெளியிட்டுவந்தது. 1954 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம்மும் 250 சொல், 6 இலக்கண விதி கொண்ட கணினியில் ரஷ்ய வாக்கியங்களை மொழிபெயர்த்துக் காட்டி, சில ஆண்டுகளில் மனிதனே வேண்டாம் என்ற நம்பிக்கையைக் கிளப்பின.

1966-இல் இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய அமெரிக்க அரசு அமைத்த அல்பாக் குழுவின் அறிக்கை அந்த நம்பிக்கையின் காற்றைப் பிடுங்கியது. அதில் ஒரு குறிப்பு மொழியாசிரியர்களுக்கு முக்கியமானது: ஓர் அறிவியலாளர் தன் துறைக் கட்டுரைகளைப் போதுமான அளவு ரஷ்ய மொழியில் படிக்க 200 மணி நேரம் அல்லது அதற்கும் குறைவு போதும். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் நாலரை மாதம்.

அந்த 200 மணி நேரத்தில் என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

படிக்க மட்டும் கற்கும் வகுப்பின் வரிசை, சாதாரண மொழி வகுப்புக்குத் தலைகீழ். 'வணக்கம், என் பெயர்' கிடையாது.

முதலில் எழுத்து. ரஷ்ய மொழியின் 33 எழுத்தும் சில நாளில் வந்துவிடும். சிக்கல் புதிய எழுத்துகளில் இல்லை. லத்தீன் எழுத்துப் போலத் தோன்றி வேறு ஒலி தருபவற்றில் இருக்கிறது. 'பி' போலத் தெரிவது 'ர்', 'ஹெச்' போலத் தெரிவது 'ந்', 'சி' போலத் தெரிவது எப்போதும் 'ஸ்'. பெயர்ச்சொல்லைத் தவறாக வாசித்தால் அகராதியில் தேடும் இடமே மாறிவிடும்.

அடுத்து, அகராதிக்குப் போகும் வழி. கட்டுரையில் கிடக்கும் உருவம் அகராதியில் இருக்காது. ஜெர்மனில் 'கெகேபென்' என்று பார்த்தால் 'கேபென்' என்று தேடத் தெரிய வேண்டும். கூட்டுச்சொல்லைப் பின்னாலிருந்து பிரிக்க வேண்டும்: 'வேர்மெ லைட் ஃபேஹிக்கைட்' என்பது வெப்பம், கடத்து, திறன். தமிழில் வெப்பக் கடத்துதிறன். துண்டுகளும் வரிசையும் ஒன்றே.

மூன்றாவது, வாக்கியத்தை எங்கே பிடிப்பது. இங்கேதான் தமிழ் தெரிந்தவருக்கு இலவச லாபம். ஆங்கிலம் பேசுபவர்களைத் தடுமாறவைக்கும் ஜெர்மன் தொடர் ஒன்று: 'டீ இன் டேர் டபெல்லெ ஆன்கெகேபெனென் வேர்ட்டெ'. சொல்லுக்குச் சொல், 'அட்டவணையில் கொடுக்கப்பட்ட மதிப்புகள்'. நம் பெயரெச்சத் தொடர்தான் அது. ரஷ்ய மொழியில் 'தெம்பெரத்தூரு ஒப்ரெதெல்யாயெத் தவ்லேனியெ' என்று வந்தால், முதலில் நிற்பதை எழுவாய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசி 'உ' நம் ஐ உருபு போல: வெப்பநிலையை நிர்ணயிக்கிறது அழுத்தம். வேற்றுமை உருபோடு வளர்ந்தவருக்கு இது அரை மணி நேரப் பாடம்.

நான்காவதாக, சில்லறைச் சொற்கள். துறைச் சொற்களில் பாதியை ஊகித்துவிடலாம்; 'ஆனால், அரிதாகவே, தவிர, எனினும்' வகைச் சொற்களை ஊகிக்க முடியாது, அவைதான் பொருளைக் கவிழ்ப்பவை. நூறு சொல் அளவுக்கு இவற்றை மட்டும் நெட்டுருப் போடுவது நல்ல முதலீடு.

பிறகு உங்கள் துறைக் கட்டுரை. உள்ளடக்கம் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை முதலில் எடுங்கள். சூத்திரமும் படமும் பாதி வேலையைச் செய்துவிடும்.

இப்படிப் படிப்பவர்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறார்கள்?

ஜெர்மனில் வாக்கியத்தின் கடைசித் துண்டைப் படிக்காமல் விடுவதில். 'டீ டெம்பெரட்டூர் நிம்ட்...' என்று தொடங்கும் வாக்கியம் 'ட்ஸூ' என்று முடிந்தால் வெப்பநிலை கூடுகிறது, 'அப்' என்று முடிந்தால் குறைகிறது. இடையில் இரண்டு வரி இருக்கலாம். அந்த ஒற்றை அசையை விட்டவர் முடிவைத் தலைகீழாக எழுதுவார், அதுவும் நம்பிக்கையோடு.

எண்கள் அடுத்தது. ஜெர்மனில் '1.500' என்பது ஆயிரத்து ஐந்நூறு, '1,5' என்பது ஒன்றரை. 'பிலியோன்' என்பது லட்சம் கோடி. அமெரிக்க பில்லியன் நூறு கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம், அலகு மட்டும் சரியாக இருக்கும்.

பழகிய முகத்தோடு வரும் சொற்களும் ஏமாற்றும். பிரெஞ்சில் 'எக்ஸ்பெரியான்ஸ்' பெரும்பாலும் சோதனை. 'சான்ஸீபிள்' என்றால் உணர்திறன் உள்ளது. ஜெர்மன் புட்டியில் 'கிஃப்ட்' என்று ஒட்டியிருந்தால் அது பரிசு அல்ல, விஷம்.

எல்லாச் சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவது கடைசிப் பழக்கக்கேடு. வினைமுற்றையும் எழுவாயையும் பிடித்தபின் மீதியில் எது தேவையோ அதை மட்டும் தேடினால் வேகம் தானே வரும்.

சோவியத்திலும் இப்படிப் பயிற்சி இருந்ததா?

இருந்தது, இன்னும் கண்டிப்பாக. முனைவர் நிலைப் பட்டத்துக்கு முந்தைய 'கந்திதாத் மினிமம்' தேர்வில் தத்துவம், சொந்தத் துறை, ஓர் அயல்மொழி மூன்றும் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகளில் வாசிப்பை அச்செழுத்தின் எண்ணிக்கையால் அளந்தார்கள். இத்தனை 'ஆயிரம்' படித்து ஒப்பிக்க வேண்டும் என்பது மாணவர் வாய்மொழி. எழுத்தை எண்ணுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பக்கத்தை விட நேர்மையான அளவு அது; பெரிய எழுத்து, பெரிய படம் என்று யாரும் ஏமாற்ற முடியாது.

பேசியே ஆக வேண்டிய வேலைக்கு என்ன செய்தார்கள்?

1975 ஜூலையில் அப்பல்லோவும் சோயுசும் விண்ணில் இணைந்தபோது ஒரு புத்திசாலித்தனமான ஏற்பாடு இருந்தது. அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியில் பேசினார்கள், ரஷ்யர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஒவ்வொருவரும் எதிராளியின் மொழியில். அயல்மொழியில் பேசுபவர் தானாகவே மெதுவாக, எளிய சொல்லில், சின்ன வாக்கியத்தில் பேசுவார். கேட்பவருக்கோ அது தாய்மொழி. தாய்மொழியில் படபடவென்று கொட்டுவதை அயல்காதால் பிடிப்பதைவிட இது பத்திரம். ஒக்லஹோமாக்காரரான அமெரிக்கத் தளபதி ஸ்டாஃபோர்டின் ரஷ்ய உச்சரிப்பைக் கேட்டு, இங்கே ரஷ்யன், ஆங்கிலம், 'ஒக்லஹோம்ஸ்கி' என்று மூன்று மொழிகள் இருக்கின்றன என்று சோவியத் தளபதி லியோனோவ் கிண்டல் செய்தார்.

சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகும் நாசா வீரர்களுக்கு இன்றும் ரஷ்யப் பயிற்சி உண்டு. சோயுசின் பலகையில் எழுத்தும் நடைமுறைக் கையேடும் ரஷ்ய மொழியில்தான்.

எஸ்பெராண்டோ போன்ற செயற்கை மொழி உதவியிருக்காதா?

முயன்றார்கள். கணிதவியலாளர் பேயானோ 1903-இல் விகுதிகளை உதிர்த்த லத்தீனை முன்வைத்தார். 1909-இல் வேதியியல் நொபெல் பெற்ற ஓஸ்ட்வால்ட், எஸ்பெராண்டோவைத் திருத்தி உருவாக்கிய 'இடோ' மொழிக்குப் பணமும் உழைப்பும் கொட்டினார். 1951-இல் வந்த இன்டர்லிங்குவாவில் சில மருத்துவ இதழ்கள் சுருக்கம் வெளியிட்டன. எதுவும் நிலைக்கவில்லை, ஏனென்றால் புதிய மொழியில் படிக்க யாரும் தவிக்கும் கட்டுரை ஏதும் இல்லை.

ஆங்கிலம் மட்டும் தெரிந்தால் போதும் என்றான பிறகு, பயிற்சி முடிந்ததா?

திசை மாறியது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதவும் கற்க வேண்டியதாயிற்று. எழுத்து வாசிப்பைவிடப் பல மடங்கு கடினம். 1960-களிலிருந்து 'குறிப்பிட்ட நோக்கத்துக்கான ஆங்கிலம்' என்ற துறை வளர்ந்தது. அதில் ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் ஆய்வுக் கட்டுரையின் முன்னுரையை மூன்று நகர்வாகப் பிரித்தார்: இந்தக் களம் முக்கியம் என்று காட்டு, அதில் ஓட்டை எங்கே என்று காட்டு, அந்த ஓட்டையில் உன்னை வை. இலக்கணப் பிழையைவிட இரண்டாம் நகர்வு இல்லாததுதான் பல கட்டுரைகளைக் கவிழ்க்கிறது.

இன்னொரு வழி, மொழியையே சுருக்குவது. விமானப் பராமரிப்புக் கையேட்டை உலகெங்கும் படிப்பவர்களில் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அதற்காக ஐரோப்பிய விமானத் தொழில் அமைப்பு 1986-இல் எளிய ஆங்கில விதிகளை வெளியிட்டது. இன்று எஸ்டிஇ-100 என்ற பெயரில் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட பொதுச் சொற்கள் ஏறக்குறைய 900. செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்குள், விளக்க வாக்கியம் 25-க்குள். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்: 'க்ளோஸ்' என்றால் மூடு, 'பக்கத்தில்' அல்ல, 'ஃபாலோ' என்றால் பின்னால் வா, 'கீழ்ப்படி' அல்ல. ஒரு வாக்கியத்தில் ஓர் உத்தரவு. 'அழுத்தத்தை வெளியேற்றிய பின் மூடியைக் கழற்றி வடிகட்டியை மாற்றவும்' என்பதை மூன்றாக உடைக்க வேண்டும். நடுவில் வேலை நிறுத்தப்பட்டால் எந்தப் படியில் நின்றோம் என்று தெரிய வேண்டுமே.

பொறியியலோடு மொழியையும் சேர்த்துப் பட்டமாகப் படிக்க முடியுமா?

முடியும். ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் 1987-இல் தொடங்கிய திட்டம் பலருக்கு முன்மாதிரி. ஐந்தாண்டில் பொறியியல், ஜெர்மன் இரண்டிலும் பட்டம். நான்காம் ஆண்டு வெளிநாட்டில், பாதி கல்லூரியிலும் பாதி தொழிற்சாலைப் பயிற்சியிலும். பலன் தொழிற்சாலைப் பாதியில்தான் அதிகம். வகுப்பறையில் தப்புச் சொன்னால் ஆசிரியர் திருத்துவார், பட்டறையில் தப்புச் சொன்னால் தவறான பாகம் வந்து சேரும்.

இயந்திர மொழிபெயர்ப்பு இருக்கும்போது இன்னும் எதற்கு இதெல்லாம்?

ஒரு கட்டுரை உங்களுக்குத் தேவையா இல்லையா என்று பார்க்க இயந்திரம் தாராளமாகப் போதும். அந்த வேலைக்காக 200 மணி நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் அதிலுள்ள ஓர் எண்ணையோ செய்முறைப் படியையோ உங்கள் வேலையில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மூலத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். எதிர்மறைச் சொல், தசமக் குறி, அலகு, படத்தின் அடிக்குறிப்பு, 'கூடியது' 'குறைந்தது' என்ற வினைகள்: இந்த ஐந்தையும் மூலத்தில் விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு மொழி தெரிந்தால் போதும். எழுத்தும் சில்லறைச் சொற்களும் மட்டும் என்றால் 40 மணி நேரத்தில் அங்கே வந்துவிடலாம். காப்புரிமை ஆவணமாக இருந்தால் மட்டும் இதை நம்பி இறங்காதீர்கள். அங்கே 'அல்லது' என்ற ஒரு சொல்லே வழக்காகும், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.